இயல்பு திரிந்த மண்டலங்கள்: ஒரு படத்தொகுதியின் நிறையும் குறையும்

ஒரு நூலை ஆசிரியர் கூறும் முடிபை மட்டும் கொண்டு மதிப்பிடுதல் பலரது வழக்கம். முடிபு தவறென்று பின்னாளில் தெரியவந்தால் நூலும் தவறென ஒதுக்கப்படுகிறது. முடிபு சரியென்று தெரிந்தாலோ நூலின் குறைகள் யாவும் மறக்கப்படுகின்றன. இவ்விரண்டும் நேர்மையான திறனாய்வு ஆகா. தொகுத்தவை எவை, வகுத்தது எவ்வாறு, முடிவாகக் கூறியது யாது என மூன்றையும் தனித்தனியே நிறுத்துப் பார்ப்பதே முறை. அவ்வாறு நிறுத்துப் பார்க்க வேண்டிய அறிவியல் நூல்களுள் ஒன்று, அமெரிக்க வானநூல் அறிஞர் ஹால்டன் ஆர்ப் 1966ஆம் ஆண்டில் வெளியிட்ட 'இயல்பு திரிந்த விண்மீன் மண்டலங்களின் படத்தொகுதி'. அந்நூலின் ஆசிரியர் கொண்ட முடிபு இன்று ஏற்கப்படவில்லை. ஆயினும் நூல் வாழ்கிறது. இது எவ்வாறு நேர்ந்தது என்பதும், நூல் எதைக் காணத் தவறியது என்பதும் ஆராயத்தக்கன.

நூலின் பொருள்

கோடானுகோடி விண்மீன்களும், அவற்றிடையே பரவிய வாயுவும் தூசியும், ஈர்ப்பு விசையால் கட்டுண்டு ஒரு தொகுதியாக இயங்குவதே விண்மீன் மண்டலம். சூரியன் அடங்கிய பால்வீதி அத்தகைய மண்டலங்களுள் ஒன்று. 1926ஆம் ஆண்டில் எட்வின் ஹபிள் என்னும் அறிஞர் இம்மண்டலங்களை வடிவு நோக்கி நீள்வட்ட வடிவின, சுருள் வடிவின, ஒழுங்கற்றன என வகுத்தார். ஹபிள் 1953இல் மறைந்தபின், ஆலன் சாண்டேஜ் 1961இல் வெளியிட்ட 'ஹபிள் படத்தொகுதி' அவ்வகுப்பைத் தெளிவான படங்களால் விளக்கிற்று. அந்நூலைப் புரட்டுவோர் கண்ணுக்கு வானம் ஒழுங்குடையதாகவே தோன்றும். அவ்வொழுங்கில் அடங்காதவற்றை ஒதுக்கி வைத்தாலும் குறையில்லை என்ற எண்ணம் எளிதில் எழும்.

ஆர்ப் அவ்வெண்ணத்தை மறுத்தார். அவருக்கு முன்பே சோவியத்து அறிஞர் வொரொன்ட்சோவ்-வெல்யாமினோவ், ஒன்றன்மேல் ஒன்று விசை செலுத்தும் மண்டலங்கள் 355ஐத் திரட்டி 1959இல் ஒரு தொகுதி வெளியிட்டிருந்தார். ஆர்ப் அதனை வழிகாட்டியாகக் கொண்டார். பாலமர் மலையிலுள்ள 200 அங்குலத் தொலைநோக்கியாலும் 48 அங்குல ஷ்மிட் தொலைநோக்கியாலும் புதிய படங்கள் எடுத்து, 338 எண்களில் முறைப்படுத்தினார். நீண்ட வாலுடையவை, இரண்டுக்கும் இடையே பாலம் போல் ஒளி படர்ந்தவை, வளையமாய்ச் சிதைந்தவை, வரிசையாய்க் கோத்து நிற்பவை என எல்லாம் அதில் இடம்பெற்றன. ஆய்வுக்கூடத்தில் ஒரு பொருளின் தன்மையை அறிய அதை நெருக்கியும் உலுக்கியும் பார்க்கிறோம். மண்டலத்தை அவ்வாறு செய்ய இயலாது. ஆதலால் இயற்கையே நெருக்கியும் உலுக்கியும் வைத்திருப்பவற்றைத் தேடிப் பார்க்க வேண்டும் என்பது அவர் கருத்து. இக்கருத்தில் பிழையில்லை. நூலின் முதல் பெருமை இதுவே.

வகுத்த முறை

இரண்டாவது பெருமை வகுத்த முறையில் இருக்கிறது. ஆர்ப் தமக்கெனக் கொள்கை ஒன்றை உருவாக்கி வந்தவர். எனினும் படங்களை அக்கொள்கைக்கு ஏற்ப அடுக்காமல், கண்ணுக்குத் தெரியும் வடிவுக்கு ஏற்ப அடுக்கினார். சுருள் மண்டலங்கள் முதலில், நீள்வட்டத்தை ஒத்தவை அடுத்து, எவ்வகையிலும் சேராதவை அதன்பின், இரட்டைகளும் குழுக்களும் பின்னர், எஞ்சியவை இறுதியில் என்பது வரிசை. கொள்கையை ஏற்காதவரும் நூலைப் பயன்படுத்த இது இடமளித்தது. தொகுப்பாசிரியர் பலர் செய்யத் தவறும் செயல் இது.

ஆனால் இம்முறையிலேயே குறையும் உண்டு. வடிவு என்று ஆர்ப் கொண்டது பெரும்பாலும் புறவடிவு. வாலும் வளையமும் துணை மண்டலமும் எண்ணப்பட்டன. நடுப்பகுதி அந்த அளவுக்கு எண்ணப்படவில்லை. இதற்குக் கருவியும் ஒரு காரணம். மிக மங்கலான வாலைப் பிடிக்க வேண்டுமானால் ஒளிப்படத் தட்டில் நெடுநேரம் ஒளி விழவேண்டும். அவ்வளவு நேரம் ஒளி விழுந்த தட்டில், ஒளிமிக்க நடுப்பகுதி உட்கூறு ஒன்றும் தெரியாத ஒரே திட்டாகிவிடும். விளிம்பைத் தெளிவாகக் காட்டிய அதே படம், நடுவை மறைத்தது.

77ஆம் எண்ணை எடுத்துக்கொள்ளலாம். இது என்.ஜி.சி. 1097 என்னும் சுருள் மண்டலம். ஏறத்தாழ நான்கரைக் கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. அதன் கை ஒன்றன் அருகே சிறு துணை மண்டலம் ஒன்று இருக்கிறது. துணையை உடைய சுருள் மண்டலம் என்ற வகையிலேயே ஆர்ப் இதைச் சேர்த்தார். ஆனால் அம்மண்டலத்தின் நடுவில், ஏறத்தாழ 5,000 ஒளியாண்டு குறுக்களவுள்ள வளையம் ஒன்றில் புதிய விண்மீன்கள் கொத்துக் கொத்தாகப் பிறந்துகொண்டிருக்கின்றன. ஆர்ப் நூல் வெளிவருவதற்கு ஓராண்டு முன், 1965இல், ஆர்ஜென்டினாவின் கொர்தோபாவில் பணியாற்றிய செர்சிக், பாஸ்தோரிசா என்னும் இருவர், நடுப்பகுதியில் ஒளிப்புள்ளிகள் சிதறிக் கிடக்கும் மண்டலங்களைத் தனியே திரட்டி ஆராய்ந்திருந்தனர். இம்மண்டலம் அவர்கள் கவனித்தவற்றுள் ஒன்று. அத்தகையவை பெரும்பாலும் நடுவே குறுக்குத்தண்டு உடையன என்பதையும் அவர்கள் குறித்தனர். பாலமர் தொலைநோக்கியோடு ஒப்பிட அவர்கள் கருவி சிறிது. ஆயினும் பார்க்க வேண்டிய இடத்தை அவர்கள் பார்த்தனர்.

வெடிப்பு என்ற விளக்கம்

ஆர்ப் ஏன் நடுப்பகுதியில் விண்மீன் பிறப்பைத் தேடவில்லை என்பதற்கு அக்காலத்துக் கருத்துச் சூழலும் விடை தரும். 1963ஆம் ஆண்டில் லிண்ட்ஸ், சாண்டேஜ் ஆகிய இருவர் எம் 82 என்னும் மண்டலத்தைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர். சப்தரிஷி மண்டலத்தின் திசையில், ஏறத்தாழ 1 கோடி 20 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது எம் 82. அதன் தட்டுக்கு மேலும் கீழும் செந்நிற நூலிழைகள் போல வாயு பீறிட்டு நிற்கிறது. நூலிழைகளின் வேகத்தை அளந்து, பின்னோக்கிக் கணக்கிட்ட அவ்விருவரும், 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அம்மண்டலத்தின் நடுவில் மாபெரும் வெடிப்பு ஒன்று நிகழ்ந்தது என்றனர்.

கட்டுரை பெரும் பரபரப்பை உண்டாக்கிற்று. மண்டலங்களின் நடுவில் பொருள் வெடித்து வெளியேறுகிறது என்ற எண்ணம் பரவிற்று. ஆர்ப் அதனை மேலும் நீட்டினார். துணை மண்டலங்களும் வானொலி அலை வீசும் பொருள்களும் பெரிய மண்டலங்களின் நடுவிலிருந்து எறியப்பட்டவை என்றார். இரு மண்டலங்களுக்கிடையே காணும் பாலம், பெற்ற தாயையும் பிறந்த சேயையும் இணைக்கும் கொடி என்பது அவர் கொள்கை. இக்கொள்கை வழியே நோக்கியவருக்கு நடுப்பகுதி என்பது பொருள் புறப்படும் வாயில். அங்கு வந்து சேர்வது எது என்ற கேள்வி எழவில்லை.

வெடிப்புக் கணக்கு நெடுநாள் நிலைக்கவில்லை. 1972இல் விசுவநாதனும் சாண்டேஜும் எம் 82இன் நூலிழைகளிலிருந்து வரும் ஒளியை ஆராய்ந்து, அது தளவிளைவு பெற்றிருப்பதைக் கண்டனர். ஒளி அலைகள் பல தளங்களில் அதிராமல் ஒரு தளத்தில் மிகுதியாக அதிர்வதே தளவிளைவு. ஒளி எங்கிருந்தோ வந்து சிதறடிக்கப்படும்போது இத்தன்மை தோன்றும். நூலிழைகளின் ஒளியில் ஒரு பகுதி அவற்றின் சொந்த ஒளி ஆகாமல், நடுப்பகுதியின் ஒளி பட்டுச் சிதறியதாக இருக்கலாமென்றால், அதைக்கொண்டு அளந்த வேகமும், அவ்வேகத்தால் கணித்த காலமும் ஐயத்துக்கு உரியன ஆயின. வெடிப்பைக் கூறியவருள் ஒருவரே அதன் அடிப்படையை மறுபடி சோதிக்க முன்வந்தது போற்றத்தக்கது.

அதே நூல், வேறு வாசிப்பு

அதே 1972ஆம் ஆண்டில் ஆலார் தூம்ரே, யூரி தூம்ரே என்னும் உடன்பிறந்தார் இருவர், கணிப்பொறியின் துணையால் மண்டலங்களின் சந்திப்பைக் கணக்கிட்டு வெளியிட்டனர். அவர்கள் விளக்க எடுத்துக்கொண்ட நான்கு சோடிகளும் ஆர்ப் தொகுதியில் 85, 242, 244, 295 ஆகிய எண்களில் உள்ளவை. வெடிப்பு எதுவும் வேண்டாமலே, ஒரு மண்டலம் மற்றொன்றின் அருகே செல்லும்போது கடலில் ஓதம் எழுவது போன்ற ஈர்ப்பு வேறுபாட்டால் வாலும் பாலமும் உண்டாகும் என அவர்கள் காட்டினர். எறியப்பட்டதன் சான்றென்று ஆர்ப் கருதிய வடிவங்கள், சந்திப்பின் தடம் என்றாயின. அத்தகைய சந்திப்பு வாயுவை நடுப்பகுதிக்குத் தள்ளக்கூடும் என்ற கருத்தையும் அக்கட்டுரை முன்வைத்தது.

அதைச் சோதித்தவர்கள் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்டு லார்சன், பியாட்ரிஸ் டின்ஸ்லி ஆகிய இருவர். 1978இல் அவர்கள் செய்தது எளிய செயல். ஒரு புறம் ஹபிள் படத்தொகுதியின் மண்டலங்கள். மறுபுறம் ஆர்ப் படத்தொகுதியின் மண்டலங்கள். இரண்டின் நிறங்களையும் ஒப்பிட்டனர். மண்டலத்தின் நிறம் அதன் விண்மீன்களின் வயதைக் காட்டும். நிறை மிகுந்த விண்மீன் நீல ஒளி வீசிச் சில பத்து லட்சம் ஆண்டுகளில் மடிந்துவிடும். நிறை குறைந்தது செம்மை சார்ந்த ஒளியோடு நெடுங்காலம் வாழும். ஹபிள் தொகுதியின் மண்டலங்களை நிறப்படி வரைந்தபோது அவை ஒரு குறுகிய கோட்டில் அமைந்தன. ஆர்ப் தொகுதியின் மண்டலங்களோ அக்கோட்டைச் சுற்றி அகலமாகச் சிதறின. 2 கோடி ஆண்டு போன்ற குறுங்காலத்தில், மண்டல நிறையில் 5 விழுக்காடு வரை திடீரென விண்மீன்களாக மாறினால் இச்சிதறல் விளங்கும் என்பது அவர்கள் கண்ட முடிபு. அவ்வாறு மாறியவை பெரும்பாலும் அண்டை மண்டலத்தோடு மோதியவை அல்லது நெருங்கியவை.

மோதலுக்கும் பிறப்புக்கும் உள்ள தொடர்பு எளிதில் விளங்குவதே. விண்மீன்களுக்கிடையே உள்ள தொலைவு மிகப் பெரிது. ஆதலால் இரு மண்டலங்கள் ஊடுருவிச் சென்றாலும் விண்மீனும் விண்மீனும் மோதுவதில்லை. வாயு முகில்கள் அவ்வாறல்ல. அவை மோதுகின்றன. மண்டலத்தைச் சுற்றிச் சுழன்றுகொண்டிருந்த வாயு, ஈர்ப்பு இழுப்பாலும் குறுக்குத்தண்டின் உலுக்கலாலும் தன் சுழற்சியை இழந்து நடுவை நோக்கி விழுகிறது. அங்கே நெருங்கித் திரண்டு, குளிர்ந்து, தன் ஈர்ப்பாலேயே சுருங்கி விண்மீன்களாகிறது. பால்வீதி முழுவதிலும் ஆண்டொன்றுக்கு ஒன்றிரண்டு சூரியன்களின் நிறையுள்ள பொருளே விண்மீன்களாகிறது. எம் 82இல் இது பத்து மடங்கு அளவுக்கு மிகுதி. அதில் பெரும்பகுதி சில ஆயிரம் ஒளியாண்டுக்குள் அடங்கிய நடுப்பகுதியில் நிகழ்கிறது.

தமிழிலக்கணம் அறிந்தோர்க்கு இது புதிதாகத் தோன்றாது. இரு சொற்கள் புணருங்கால் மாறாது நிற்பது இயல்பு. தோன்றல், திரிதல், கெடுதல் என மாறுவது விகாரம். விகாரம் இலக்கணத்துக்குப் புறம்பானது என்று யாரும் கூறார். எவ்விடத்து எது தோன்றும், எது கெடும் என்பதற்கு இலக்கணமே விதி வகுக்கிறது. இயல்பு திரிந்த மண்டலங்களும் அத்தகையன. புணர்ச்சியில் வால் தோன்றுகிறது. தட்டின் வடிவு திரிகிறது. பழைய ஒழுங்கு கெடுகிறது. ஒழுங்கான மண்டலங்களுக்கு உரிய அதே ஈர்ப்பு விதியே இவற்றுக்கும் உரியது. இவற்றை விளக்கத் தனி விதி ஒன்று வேண்டும் என்று ஆர்ப் எண்ணியது அவர் வழுவிய இடம்.

தூசிக்குள் இருந்த ஒளி

நடுப்பகுதி மறைந்திருந்தமைக்கு ஒளிப்படத் தட்டு மட்டும் காரணம் ஆகாது. விண்மீன் பிறக்கும் இடத்தில் தூசி மிகுதி. இளம் விண்மீன்கள் வீசும் புற ஊதாக் கதிரைத் தூசி உறிஞ்சி, தான் வெம்மையுற்று, அகச்சிவப்புக் கதிராக வெளியிடுகிறது. எனவே பிறப்பு எவ்வளவு மிகுதியோ அவ்வளவு மறைப்பும் மிகுதியாகலாம். 1980இல் ரீக்கி முதலியோர் எம் 82, என்.ஜி.சி. 253 ஆகியவற்றின் நடுப்பகுதிகளை அகச்சிவப்பில் ஆராய்ந்து, அங்கு வெளிப்படும் ஆற்றலை இளம் விண்மீன்களின் பெருக்கம் ஒன்றே விளக்கும் என்று கணக்கிட்டனர். 1981இல் வீட்மன் முதலியோர் ஆர்ப் தொகுதியின் 284ஆம் எண்ணிலுள்ள என்.ஜி.சி. 7714ஐ இத்தகைய நடுப்பகுதிக்கு முன்மாதிரியாகக் காட்டினர். விண்மீன் பிறப்புப் பெருவெள்ளம் என்று பொருள்படும் தனிப்பெயர் ஒன்று அதுமுதல் வழக்கில் நிலைத்தது.

மிகத் தெளிவான சான்று 220ஆம் எண். ஏறத்தாழ 25 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள இதனை, அருகே வளைவுகள் உடையது என்ற வகையில் ஆர்ப் சேர்த்தார். படத்தில் அது மங்கலான, சிதைந்த ஒரு திட்டே. 1983இல் அமெரிக்காவும் நெதர்லாந்தும் பிரிட்டனும் சேர்ந்து ஏவிய ஐராஸ் என்னும் அகச்சிவப்புச் செயற்கைக்கோள் வானத்தை அளந்தபோது, அம்மங்கல் திட்டு ஒரு லட்சம் கோடி சூரியன்களுக்கும் மேற்பட்ட ஆற்றலை வீசுகிறது என்பது வெளிப்பட்டது. அவ்வாற்றலில் மிகப் பெரும்பகுதி அகச்சிவப்பாகவே வருகிறது. பின்னர் நடந்த ஆராய்ச்சியில், ஏறத்தாழ 1,200 ஒளியாண்டு இடைவெளியில் இரண்டு நடுக்கருக்கள் தூசிக்குள் புதைந்திருப்பது தெரிந்தது. இரு மண்டலங்கள் கலந்து ஒன்றாகும் இறுதி நிலை அது. ஆர்ப் குறித்த வளைவுகள் அக்கலப்பின் எச்சம். நிகழ்ச்சியின் உயிர் நடுவில் இருந்தது.

எம் 82இன் செந்நிற நூலிழைகளுக்கும் இவ்வழியில் விளக்கம் கிடைத்தது. பெருந்தொகையாகப் பிறந்த நிறைமிகு விண்மீன்கள் விரைவில் மடிந்து சூப்பர்நோவாக்களாக வெடிக்கின்றன. ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒன்று அங்கு வெடிப்பதாக மதிப்பிடப்படுகிறது. பல வெடிப்புகளின் ஆற்றல் ஒன்றுசேர்ந்து சூடான வாயுவைக் காற்றாக வெளியே தள்ளுகிறது. அக்காற்றோடு செல்லும் நூலிழைகளின் வேகம் நொடிக்கு 500, 600 கிலோமீட்டர் அளவினது. ஆகவே 1963இல் பொருள் வெளியேறுகிறது என்றவர்கள் கண்டது உண்மையே. ஒரே பெரிய வெடிப்பு என்றது பிழை. கோடிக்கணக்கான ஆண்டுகளில் எண்ணற்ற வெடிப்புகள் என்பதே விடை. இதற்கெல்லாம் தொடக்கம் அண்டையிலுள்ள எம் 81 என்னும் பெரிய மண்டலத்தோடு நேர்ந்த நெருக்கம். அவ்விரண்டையும் இணைக்கும் நீரக வாயுத் தாரைகளை 1994இல் வெளிவந்த வானொலிப் படம் தெளிவாகக் காட்டிற்று. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி எடுத்து 2024இல் வெளியான அகச்சிவப்புப் படத்தில், தூசியைக் கடந்து அந்நடுப்பகுதியே கண்ணுக்குத் தெரிகிறது.

மற்றொரு குறை

ஆர்ப் நூலைப் போற்றுவோரும் கருத வேண்டிய குறை ஒன்று உண்டு. அத்தொகுதி கண்ணைக் கவர்ந்தவற்றைத் தேர்ந்தெடுத்த தொகுதி. ஒரு வரையறைக்குள் உள்ள மண்டலங்கள் அனைத்தையும் எண்ணித் திரட்டியதன்று. ஆதலால் இயல்பு திரிந்தவற்றுள் எத்தனை பங்கு விண்மீன் பிறப்பில் மிகுந்தவை என்ற கேள்விக்கு அதிலிருந்து நேரே விடை கூறல் ஆகாது. வடிவு திரிந்தும் பிறப்பு மிகாதவை உண்டு. வாயு இல்லாத இரு மண்டலங்கள் மோதினால் பிறக்க ஒன்றும் இல்லை. வடிவு பெரிதும் கெடாமலே நடுவில் பிறப்பு மிகுந்தவையும் உண்டு. குறுக்குத்தண்டு ஒன்றே வாயுவை உள்ளே செலுத்த வல்லது. தூசி மூடிய நடுப்பகுதியின் ஆற்றலில் விண்மீன் பிறப்பின் பங்கு எவ்வளவு, கருந்துளையின் பங்கு எவ்வளவு என்பது 220ஆம் எண் போன்றவற்றில் இன்னும் ஆராயப்படுகிறது. மோதல் என்றால் பிறப்பு என்று எளிதாக எழுதிவிடுவோர், ஆர்ப் ஒரு பக்கம் செய்த பிழையை மறுபக்கம் செய்கின்றனர்.

நூலும் ஆசிரியரும்

ஆர்ப் தம் கொள்கையை விடவில்லை. செந்நிறப் பெயர்ச்சி தொலைவைக் காட்டும் என்ற பொதுக் கருத்தையும் பிற்காலத்தில் மறுத்தார். சான்றுகள் அவர் பக்கம் சேரவில்லை. 1980களில் பெரிய தொலைநோக்கிகளில் அவர் ஆராய்ச்சிக்கு நேரம் மறுக்கப்பட்டது. அவர் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்துக்குச் சென்று பணியாற்றி, 2013இல் மறைந்தார். அவரை மறுத்தவர்களுள் பலர் அவர் படத்தொகுதியை நாள்தோறும் பயன்படுத்தி வந்தனர். இதில் முரண்பாடு ஒன்றும் இல்லை. ஆசிரியரின் முடிபை மறுத்து அவர் திரட்டிய சான்றை ஏற்பது அறிவுலகின் நேர்மை. அதற்கு இடம் தரும் வகையில் சான்றையும் முடிபையும் பிரித்து வைத்தது ஆசிரியரின் நேர்மை.

எனவே தீர்ப்பு மூவகைப்படும். தொகுத்ததில் ஆர்ப் வென்றார். ஒதுக்கப்பட்டவற்றுக்கு ஓர் இடம் கொடுத்தார். வகுத்ததில் பாதி வென்றார். கண்டதை மறைக்காமல் வைத்தார், ஆனால் புறத்தை நோக்கி அகத்தை விட்டார். முடிபு கூறியதில் தோற்றார். இம்மூன்றையும் ஒன்றாக்கி அவரை முற்றும் போற்றுவதும் முற்றும் தூற்றுவதும் தவறு. விண்மீன் பிறப்பின் பெருவெள்ளத்தைப் பேசும் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இன்றும் 'ஆர்ப் 220' என்றே எழுதுகிறார்கள். அவர் காணாத நடுப்பகுதியை ஆராய்வோரும், அதை அவர் இட்ட எண்ணால் தேடிச் செல்கின்றனர்.